இடது காதுக்கு மேல் இரண்டு முடி

"பின்னாடி இருக்கிற எதுவும் தெரியக் கூடாதுங்க. அவ மட்டும் போதும்" என்று சொல்லிப் பென் டிரைவைக் கவுண்டர்மேல் வைத்தார்.

காணாமல் போன பெண்ணின் கணவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எடுத்த படமாம். திங்கள் காலை கடைக்குப் போன மனைவி, இன்று புதன் மதியம் ஆகியும் வீடு திரும்பவில்லை. நோட்டீஸ் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறார்.

பாவமாக இருந்தது. கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டுப் படத்தைத் திறந்தேன்.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஊதாச் சட்டையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அவிழ்த்துவிட்ட நீள முடி.

முடி என்றால் என் தலையில்தான் வந்து விடியும். ஊரில் உள்ள ஸ்டூடியோக்காரர்கள் தோள், சட்டை எல்லாவற்றையும் தாங்களே வெட்டிக்கொள்வார்கள். முடி வந்துவிட்டால் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டரிடம் விட்டால் தலையில் தொப்பி மாட்டியதுபோல் வெட்டிவைக்கும். நான் ஒவ்வொரு முடியாக எடுப்பேன்.

படத்தைப் பெரிதாக்கினேன்.

ஏற்கெனவே யாரோ வெட்டியிருந்தார்கள். அந்தப் பெண் அந்த மேசையில் உட்காரவே இல்லை. வேறொரு படத்திலிருந்து எடுத்து இங்கே ஒட்டப்பட்டிருக்கிறார்.

சுத்தமான வேலை. யார் இந்தப் பொறுமைசாலி என்று வெட்டிய விளிம்பின் ஓரமாகவே பார்த்துக்கொண்டு போனேன். இடது காதுக்கு மேல் இரண்டு முடி மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எல்லா முடியும் படிந்திருந்தால் பொம்மைபோல் தெரியும் என்று அந்த இடத்தில் இரண்டை விட்டுவைப்பது நான்தான். இந்த ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கிறுக்கு கிடையாது.

முகங்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு முப்பது முகம் வந்தால் எது நிற்கும்? பழைய வேலைகளில் தேடினேன். கிடைத்தது. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த படம். அதே ஊதாச் சட்டை.

நீக்கிய பின்னணியை நான் அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைப்பேன். மனம் மாறித் திரும்பக் கேட்கிறவர்கள் உண்டு. அதைத் திறந்தேன்.

வெள்ளை டைல்ஸ். அன்றைக்கு அதைச் சுவர் என்று நினைத்திருக்கிறேன். முடி நாலா பக்கமும் விரிந்திருந்ததைப் பார்த்து, ஃபேனுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்த மடையன் யார் என்று வாய்விட்டுத் திட்டியதும் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில், டைல்ஸுக்கு நடுவே, தண்ணீர் போகிற வட்டச் சல்லடை.

சுவரில் யாரும் சல்லடை வைக்க மாட்டார்கள்.

திரை என் பக்கம் பார்த்துத்தான் இருந்தது, கணவருக்குத் தெரிய வழியில்லை. இருந்தும் நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. எழுந்து உள்ளே போய்ப் போலீசுக்குப் போன் செய்ய வேண்டும். அதற்குள் கண் திரையின் அடிப்பக்கம் போனது.

அந்த வேலையோடு வந்த குறிப்பு கீழே இருந்தது. 'படம் எடுக்கும்போது கண் சிமிட்டிவிட்டார். திறந்து வைக்கவும்.'

திறந்து வைத்திருக்கிறேன். மூடிய கண்ணைத் திறக்க வேண்டுமென்றால் திறந்த கண் ஒன்றை வேறெங்கிருந்தாவது எடுத்து ஒட்ட வேண்டும். ஊரார் கண்ணைக் கேட்காமல் எடுக்க மனம் வராது. அதனால் எப்போதும் என் கண்ணைத்தான் எடுப்பேன்.

மெல்ல நிமிர்ந்தேன். அவர் கவுண்டர்மேல் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ண நான் எங்கயோ பாத்திருக்கேங்க" என்றார்.