குறுக்கு வழி

“திரும்பிப் பார்க்காதே, நட” என்றான் கணவன்.

புது ஊருக்குக் குடிவந்தபின் முதல் ஞாயிறு. காட்டைச் சுற்றிப் பார்க்கலாமென்று மகளோடு வந்திருந்தார்கள். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்தே ஒருவன் பின்னால் வந்துகொண்டிருந்தான். இவர்கள் நின்றால் அவனும் நின்றான்.

“என்னங்க, இன்னும் பின்னாடியே வர்றான்.”

“பாதையை விட்டு இறங்கிடுவோம். ஆளை உதறிடலாம்.”

புதருக்குள் இறங்கினார்கள். முள் மகளின் கையைக் கிழித்தது. பின்னால் சருகு நொறுங்கியது. அவனும் இறங்கிவிட்டான்!

மூவரும் ஓடினார்கள். செங்குத்தான பாறை ஒன்று மறித்தது. கணவன் கீழே கிடந்த கம்பை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

“யாருய்யா நீ? என்ன வேணும்?”

மூச்சிரைக்க வந்தவன் பதறிக் கைகளைத் தூக்கினான்.

“கோவிச்சுக்காதீங்க சார். மாத்தலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகுது. காட்டைப் பாக்க ஆசை, தனியா போகப் பயம். வழி தெரிஞ்சவங்க பின்னாடியே போனா பத்திரமா திரும்பிடலாம்னு வந்தேன்.”

“எங்களுக்கு வழி தெரியும்னு யார் சொன்னது?”

“முதல்ல எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. பாதையை விட்டுத் துணிஞ்சு இறங்கினீங்க பாருங்க, அப்பதான் உள்ளூர்க்காரங்கன்னு உறுதியாச்சு.”

கம்பு கையிலிருந்து நழுவியது. நாலா பக்கமும் ஒரே மாதிரி மரங்கள்.

மகள் மெல்லக் கேட்டாள்:

“அப்பா, இப்ப நாம யார் பின்னாடி போறது?”