முப்பதடி ஒயர்

"முப்பதடி ஒயரா? பேஸ் கித்தாருக்குப் பத்தடி போதும் சார்" என்றார் மதுரைக் கடைக்காரர்.

"முப்பதடியே குடுங்க. வாசிக்கிறவன் தாராளமா நிக்கட்டும்" என்றார் சுந்தர்ராஜ்.

கர்ணனால் நம்ப முடியவில்லை. போடி மலைத்தேன் இன்னிசைக் குழுவின் மாஸ்டர் சுந்தர்ராஜ், மைக் ஸ்டாண்டு உடைந்தால் சணல் கயிறு போட்டுக் கட்டுகிற ஆள். அவருக்கா இத்தனை தாராளம்?

கடையில் பேஸ் கித்தார் இரண்டே இரண்டுதான் இருந்தன. கறுப்பு இலகுவாக இருந்தது. சிவப்பு கனம், தோளை இழுத்தது. ஆனால் சிவப்பின் தடித்த கம்பியைத் தட்டினால் வயிற்றுக்குள் போய் அதிர்ந்தது. கர்ணன் சிவப்பையே எடுத்துக்கொண்டான். மூன்று வருஷமாக, சாதாரண கித்தாரில் மெல்லிய கம்பி இரண்டைக் கழற்றிவிட்டுப் பழகியவன் அவன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"நான் மேடை ஏறப்போறேன்னு எங்க காலனியே பேசுது மாஸ்டர். எங்க ஆத்தாவும் பாக்க வருது."

"வரட்டும்டா. இசைக்கு ஏது சாதி?" என்றார் சுந்தர்ராஜ்.

மேடைக்கு மேடை அவர் சொல்கிற வசனம்தான். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் விழும்.

ஞாயிற்றுக்கிழமை, கடமலைக்குண்டு தாண்டி ஒரு கிராமத்தில் கோயில் திருவிழா. வேனை விட்டு இறங்கியதுமே சுந்தர்ராஜ் முதலில் போய் மேடையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து கர்ணனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"கர்ணா, தப்பா நினைக்காத. நீ கீழ நின்னு வாசிச்சிரு. அந்தத் தட்டிக்குப் பின்னால."

"கீழயா? எதுக்கு மாஸ்டர்?"

"ஊர்க்காரக ஒத்துக்க மாட்டாகடா. கச்சேரி பேச வந்தப்பவே சொல்லிட்டாக. காலனி ஆளு மேடை ஏறக் கூடாதாம்."

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. இன்னுமா?

"அப்பவே சொன்னாகன்னா... அந்த ஒயரு?"

"உன்னைய விட்டுட்டு வேற ஆளக் கூட்டிட்டு வந்திருக்கலாம். மனசு கேக்கல. அதான் நீளமா வாங்கினேன்." சுந்தர்ராஜின் கண் கலங்கியது. "இந்த ஊருகள்லாம் என்னைக்குத்தான் திருந்துமோ!"

மனுஷன் இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று கர்ணனுக்கு உருகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க மாஸ்டர். சத்தம் மேடைக்கு வந்தாப் போதும்ல."

யாருக்கு யார் ஆறுதல் சொல்வது பாருங்கள்!

ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. மேடையில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தென்னந்தட்டிக்குப் பின்னால், மண்ணில் நின்று கர்ணன் வாசித்தான். முதல் பாட்டுக்குக் கைதட்டல் கேட்டது. தட்டுகிறவர்களின் முகம் தெரியவில்லை. கூட்டத்தில் எங்கேயோ உட்கார்ந்து ஆத்தா பவுனு தன்னைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் விரல் தடுமாறியது. அழுகையா ஆத்திரமா என்று அவனுக்கே தெரியவில்லை. இந்த ஊரையே கொளுத்தினால் என்ன என்று இருந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்தபோது தட்டியை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். விழாக் கமிட்டித் தலைவர் ராக்கப்பன். ஆறடி உயரம், முறுக்கு மீசை.

கர்ணன் பின்னால் நகர்ந்தான். இங்கே நிற்பதும் கூடாது என்று சொல்ல வந்திருக்கிறாரா?

"எந்த ஊருப்பா?"

"போடிங்க. காலனி." அடுத்த கேள்வி எதுவென்று தெரிந்தவன்போல் அதையும் சேர்த்தே சொன்னான். "மேடைப் பக்கமே நான் போகலீங்க."

"அத யாருப்பா கேட்டா?" ராக்கப்பன் கையிலிருந்த சோடாவை நீட்டினார். "அங்கன ஒரு அம்மா, எம்மவன் எங்கன எம்மவன் எங்கனன்னு என் உசுர வாங்குது. அதான் தேடிக்கிட்டு வந்தேன்."

கர்ணன் சோடாவை வாங்கவில்லை.

"காலனி ஆளு மேடை ஏறக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீகளாம்?"

ராக்கப்பன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நாங்களா? வாசிக்க வந்த ஆளுகிட்டப் போய் இதெல்லாமா கேப்போம்? ஏழு பேருன்னாக, ஏழு நாற்காலி போட்டோம். உங்க மாஸ்டருதான் வந்து ஒண்ண எடுக்கச் சொல்லிட்டாக."

மேடையில் அடுத்த பாட்டுக்குத் தாளம் ஆரம்பித்தது. ராக்கப்பன் குரலைத் தணித்து, தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்:

"பேஸுன்னா அடிச்சத்தமாம்ல தம்பி? வாசிக்கிற ஆளு மேல ஏறாம, அடியில மண்ணுல நின்னாத்தான் அந்தச் சத்தம் எடுக்கும்னு மாஸ்டரு சொன்னாக. நெசமாப்பா?"