ஒருத்தர்னு வெச்சுக்குங்க

“ஒருத்தர் அலமாரிக்கு முன்பணம் கட்டறார்னு வெச்சுக்குங்க மேடம். டெபிட் கார்டுல. சொன்ன தேதிக்கு அலமாரி வரலை. அவர் கதி என்ன?”

வங்கியின் புகார் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு சின்ன நோட்டு, பேனா.

மேஜைக்காரிக்கு உடனே புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கார்டு புகார்களை மட்டுமே பார்த்து, வங்கியில் எல்லோருக்கும் அவள் ‘கார்டு அக்கா’ ஆகியிருந்தாள். ஏமாந்த யாரும் ‘நான் ஏமாந்தேன்’ என்று வாயைத் திறந்து சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்திருக்கும். மச்சினனுக்கு நடந்திருக்கும். ஒரு பேராசிரியர், தன் வீட்டு வேலைக்காரிக்கு நடந்ததாகச் சொல்லித் தன் கையெழுத்தையே போட்டுவிட்டுப் போனார். இவருக்கு ஒரு ‘ஒருத்தர்’. அது யாரென்று கேட்டு மனிதரைக் கூச வைக்க அவளுக்கு மனமில்லை.

“அந்த ஒருத்தர் ஏன் சார் கிரெடிட் கார்டுல கட்டலை?”

“கட்டியிருந்தா?”

வழக்கமாக இந்த இடத்தில்தான் வாடிக்கையாளர்கள் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பிப்பார்கள். இவர் பேனா மூடியைத் திறந்தார். கார்டு அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

கிரெடிட் கார்டில் கடைக்குப் போவது வங்கியின் பணம். சரக்கு வரவில்லை என்று ஒரு புகார் கொடுத்தால் போதும், அந்தத் தொகையை பில்லில் நிறுத்தி வைத்துவிட்டு வங்கியே போய்க் கடைக்காரன் சட்டையைப் பிடிக்கும். தன் பணம் என்றால் வங்கிக்கு வருகிற ரோஷத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். டெபிட் கார்டில் போவது உங்கள் பணம். அதற்கும் புகார் வாங்கிக்கொள்வோம். வாங்காமல் இல்லை. முத்திரை குத்தி நம்பர்கூடக் கொடுப்போம். ஆனால் பணம் அந்த நிமிஷமே கணக்கை விட்டுக் கிளம்பியிருக்கும். திரும்பி வந்தால் வந்தது. அதுவரை வீட்டு வாடகையும் மின் கட்டணமும் அந்த நம்பரை வாங்கிக்கொண்டு சும்மா இருக்குமா?

அவர் வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

“திரும்பி வர எவ்வளவு நாள் ஆகும் மேடம்?”

“எங்க பேங்க்ல மூணு மாசம்னு சொல்லுவோம். தலைமை அலுவலகத்துல யாரும் லீவுல போகாம இருந்தா.”

“அதுக்குள்ள கடைக்காரன் கணக்கைத் தொடைச்சுட்டு, கடையையும் பூட்டிட்டுப் போயிட்டா?”

“அப்புறம் யாரைப் பிடிக்கறது சார்? பூட்டைத்தான் பிடிச்சுத் தொங்கணும்.”

அவர் நோட்டில் எதையோ எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அதைப் பார்த்து அவள் தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். புது வீட்டுக்குக் குடிபோக ஆசை ஆசையாகச் சேர்த்த காசாக இருக்கும். வீட்டில் பெண்டாட்டிக்கு இன்னும் தெரிந்திருக்காது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஓர் ஆளுக்கு ஏழு நிமிஷம் என்பது அவர் போட்ட சட்டம். வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துவதற்காகப் போட்டதாம். இங்கே முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. அவள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

இவ்வளவு விஷயம் இருக்கும்போது ஜனங்கள் ஏன் இன்னும் டெபிட் கார்டையே நீட்டுகிறார்கள் என்று அவர் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிரெடிட் என்றால் கடன், கடன் என்றால் மானக்கேடு என்று நினைக்கிற கௌரவஸ்தர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள் என்றாள். மிச்சப் பேரைக் கடைக்காரனே பார்த்துக்கொள்வான்.

“கிரெடிட் கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூடன்னு சொன்னாப் போதும் சார். அந்த ரெண்டை மிச்சம் பிடிக்கிறதுக்கு நூறையும் தூக்கிக் குடுத்துட்டு வந்துடுவாங்க.”

“அவ்வளவுதானா?” அவர் நிஜமாகவே அசந்துபோனார்.

நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். இத்தனை வயதில் எந்த வங்கியிலும் யாரும் தனக்கு இவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொன்னதில்லை என்றும், அவள் செய்த உதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்றும் சொன்னார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கார்டு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மனிதராவது காது கொடுத்துக் கேட்டாரே. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனபோதுதான் உறைத்தது. பாவம், புகாரே எழுதிக் கொடுக்காமல் போகிறாரே. மனசு விட்டுப்போயிருக்கும். போன பணம் போனதுதான் என்று முடிவு கட்டியிருப்பார். அப்படி விட்டுவிடக் கூடாது.

ஒரு புகார்ப் படிவத்தை உருவிக்கொண்டு ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

வாசல் படியில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று அவள் மூச்சு வாங்க இரண்டு படி மேலேயே நின்றாள்.

“மச்சான், நம்ம கடை போர்டுல ‘டெபிட் கார்டு மட்டும்’னு பெரிசா எழுதச் சொல்லிடு. கட்டடத்தை வருஷக் கணக்குல எல்லாம் பேசாதே, ரெண்டு மாச வாடகை குடுத்தாப் போதும்.”