சத்தமில்லாத ஜீப்

ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு மேலாளராக மாற்றலாகி வந்த துரை பிரதீஸ், தோட்டத்துப் பெரிய பழைய லேண்ட்ரோவரைக் கொடுத்துவிட்டுச் சின்ன ஜீப் ஒன்றை எடுத்தார்.

"அதோட உறுமல் ரெண்டு மலைக்குக் கேக்குது, வீரய்யா. நான் போறதுக்குள்ள எல்லாரும் கொழுந்து பறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இதுல சத்தமே இல்ல. யாரு உக்காந்திருக்காங்கன்னு இன்னைக்குப் பாத்துருவோம்."

"சரிங்க ஐயா," என்றார் சாரதி வீரய்யா.

மேலே போய்ப் பார்த்தால், ஒருத்தியும் உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் துரை வீரய்யாவின் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றும் எல்லார் கையும் கொழுந்தில்தான் இருந்தது.

துரைக்கு வெட்கமாகிவிட்டது.

"நல்ல ஆளுங்க. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன். நீங்களும் வளைவுல ஹோன் அடிச்சுக் கவனமாத்தான் ஓட்டுறீங்க. சின்ன வண்டி, எதிர்ல வர்ற லொறிக்குத் தெரியாது. ரோட்டுல முடக்குக்கு முடக்கு ஹோன் அடிக்க மட்டும் மறந்துறாதீங்க."

அன்று மாலை, கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பிய மனைவி ரத்தினம்மா வீரய்யாவிடம் சிடுசிடுத்தாள்.

"இன்னைக்குத் தேத்தண்ணியப் பாதியில கொட்டிட்டு ஓடுனோம். நாளைக்குக் கீழ் முடக்குலயே ஹோன் அடிச்சிருங்க."

"ரெண்டு தரமா அடிக்கிறேன்," என்றார் வீரய்யா. "துரையே சொல்லிட்டாரு."