தையல்நாயகியின் மூக்குக்கண்ணாடி

தையல்நாயகி போன பிறகு அவளுடைய மூக்குக்கண்ணாடி அலமாரியில் சும்மாதான் கிடந்தது. அவள் கணவர் சிங்காரம் களிமண்ணில் அவள் முகத்தைச் செய்து முடித்த அன்று, அதை எடுத்துச் சிலைக்கு மாட்டிப் பார்த்தார். அது சறுக்கிக்கொண்டு உதட்டுக்கு வந்து நின்றது. மறுபடி மாட்டினார், மறுபடி சறுக்கியது.

"உன் கம்பிதான் தளர்ந்துபோச்சு" என்றது களிமண். "போட்டோவைப் பார்த்து என்னை அச்சு அசலா செஞ்சிருக்கார்."

"போட்டோன்னாலே என்னைக் கழற்றி ஒளிச்சு வெச்சிடுவாளே!" என்றது கண்ணாடி. "வருஷக்கணக்கா உட்கார்ந்து அந்த மூக்கில ரெண்டு பக்கமும் பள்ளம் பண்ணி வெச்சிருந்தேன். அது எங்கே?"

சிங்காரத்துக்கு இதெல்லாம் கேட்கவில்லை. சிலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னை அறியாமல் இரண்டு விரல்களால் அதன் மூக்கைப் பிடித்து மெல்ல அழுத்தினார். படித்தபடியே அவள் தூங்கிப்போனால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் தடவிக்கொடுக்கும் இடம் அது.

இப்போது மாட்டினார். கண்ணாடி நகரவே இல்லை.

"எனக்குத்தான் பார்வையே இல்லையே, நீ எதுக்கு?" என்று கேட்டது களிமண்.

சிங்காரம் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் இருந்தபோது தினமும் காலையில் செய்ததுபோலவே.