முதல் பரிசு வாங்கிய கடைசி ஸ்வரம்

தேசிய பேண்டு வாத்தியப் போட்டிக்கு முதல் நாள், ட்ரம்பெட் ஊதும் தபால்காரருக்கு முன்பல் போய்விட்டது.

"கடைசி உச்ச ஸ்வரம் வராதே," என்று தவித்தார்.

"சும்மா கன்னத்தை உப்பிக்கோங்க. இருபது பேர்ல யாருக்குத் தெரியும்?" என்றாள், அதே குழுவில் ட்ராம்போன் ஊதும் மனைவி.

அப்படியே செய்தார். முதல் பரிசு கிடைத்தது. குழுவை நடத்திய மாமனார், கோப்பையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

தபால்காரருக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, கடைசி ஸ்வரத்தை நான் ஊதலை."

"நானும்தாம்ப்பா," என்றாள் மனைவி. ஒவ்வொருவராக இருபது பேரும் அதையே சொன்னார்கள்.

நடுவர் குறிப்பில், 'உச்சத்தில் மௌனம்! அபாரத் துணிச்சல்!' என்று எழுதியிருந்தது.

மாமனார் கண்ணைத் துடைத்தார். "அப்போ எனக்குக் காது போகலையா?"