நாலு விசில்

"இன்னும் கொஞ்சம் வைம்மா."

மகன் மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டியபோது அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறி குறைகிறதே என்று அல்ல. கல்யாணமாகி இரண்டு வருஷமான ஆண்பிள்ளை, பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி தின்கிறானே என்று.

"ஏன்டா, இன்னைக்கும் உன் பொண்டாட்டி சமைக்கலையா?"

"இல்லம்மா."

"திங்களும் சமைக்கல, புதனும் சமைக்கல, வெள்ளியும் சமைக்கல. அப்படி என்ன வெட்டி முறிக்கிறா?"

"அவளுக்குக் கறி சமைக்க வராதும்மா. நீயும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு உக்காரு. தனியாச் சாப்பிட்டா எனக்கு இறங்காது."

அது வேறு தொல்லை. இவன் சாப்பிட்டால் கூடவே அவளும் உட்கார்ந்து மெல்ல வேண்டும்.

நாலு மாதம் முன்பு வரை அவள் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகு ராத்திரிக்கு ஒரு டீ, இரண்டு ரஸ்க், ஒரு ஜெபம், படுக்கை. ரத்தம் ரொம்பக் கம்மி, வாரம் மூன்று நாளாவது கறி சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, "ஒத்த வயித்துக்கு யாரு அடுப்பு பத்த வைக்கிறது?" என்று சிரித்துவிட்டு வந்தாள். மருமகள் கொடுத்தனுப்பிய டப்பாக்கள் மூடி திறக்காமலே பக்கத்து வீட்டுக்குப் போயின.

அப்புறம்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள், வேலை விட்டதும் நேராக இங்கே வந்து, "பசி உயிர் போகுதும்மா" என்று நிற்பான். பெற்ற மனசு கேட்குமா? கறிக்கடைக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடக்கிறாள்.

"கறி சமைக்கிறது என்னடா கம்பசூத்திரம்? கொழுப்பை நறுக்கித் தள்ளணும். வெங்காயம், மிளகு, கேரட்டு, ஒரு பிடி கீரை. ஆட்டுக்கறின்னா நாலு விசில், மாட்டுக்கறின்னா எட்டு. குக்கர் பாட்டுக்கு வேகும், நாம பாட்டுக்கு ஜெபம் சொல்லலாம். எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக் குடுத்தேனே, அதை என்னதான் செஞ்சா?"

"பத்திரமா வச்சிருக்காம்மா."

"எதுக்கு, பூஜை பண்ணவா?"

அவன் எலும்பை உறிஞ்சினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. குக்கர், அரைக் கிலோ ஆட்டுக்கறி, ஒரு கட்டுக் கீரை. எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு, மகன் வேலை விடும் நேரத்துக்கு முன்பே பஸ் ஏறிவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவான்.

குக்கர் முழங்காலில் இடிக்க இடிக்க, கம்பியைப் பிடித்தபடி வேண்டிக்கொண்டாள். "ஆண்டவரே, அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கூடுதலாப் பேசிடாம என் நாக்கைக் கட்டி வையும்."

ஆண்டவர் வாசற்படி வரைக்கும் கட்டி வைத்தார்.

கதவு திறந்ததுமே கறி வாசனை மூக்கைத் துளைத்தது.

"அத்தை! நீங்களா? இன்னைக்கு... வெள்ளிக்கிழமையாச்சே!" மருமகள் திருதிருவென்று விழித்தாள்.

"ஏன், வெள்ளிக்கிழமை வந்தா உள்ள விடமாட்டியா?"

நேராகச் சமையலறைக்குப் போய் மூடியைத் திறந்தாள். மாட்டுக்கறி. மருந்துக்கும் கொழுப்பு இல்லை. கேரட் குழையவில்லை, கீரை கறுக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கினாள். பஞ்சு. அடுப்புக்கு மேலே சுவரில், எண்ணெய்க் கறையோடு ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. அவளுடைய கோணல் கையெழுத்து.

எட்டிக் கூடத்தைப் பார்த்தாள். மேஜையில் ஒரு தம்ளர். தட்டும் ஒன்றே ஒன்று.

"சமைக்க வராதுன்னு அந்த மடையன் நாலு மாசமாச் சொல்லிக்கிட்டுத் திரியறான். நீ என்னடான்னா வக்கணையா ஆக்கி இறக்கி, ஒத்தத் தட்டைப் போட்டு உக்காந்திருக்கே! கட்டினவன் காய்ஞ்ச வயித்தோட என் வாசல்ல வந்து நிக்கிறான். இது அடுக்குமாடி?"

"அத்தை, அது வந்து..."

மேஜை மேல் போன் அடித்தது. மருமகளுக்குக் கையெல்லாம் ஈரம். கூப்பிட்டது மகன்தான்.

"இரு, அவனையே கேக்கறேன்." அம்மா போனை எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அவன் படபடவென்று கொட்டினான்.

"ஏய், அம்மா வீடு பூட்டிக் கிடக்கு! எங்க போனாங்கன்னே தெரியல. நீ சொன்ன மாதிரி மத்தியானம் அரை வயித்தோட நிறுத்திக்கிட்டேன், பசி கண்ணைக் கட்டுது. நான் பசியோட போய் நின்னாத்தானே அவங்க அடுப்பையே பத்த வைப்பாங்க? இப்பத்தான் ரத்தம் எட்டுல இருந்து பத்தரைக்கு வந்திருக்கு. ஒரு நாள் விட்டாலும் பழையபடி ரஸ்க்குக்குப் போயிடுவாங்களே! இப்ப என்ன செய்யறது, சொல்லு!"

மருமகள் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்து நின்றாள்.

மேஜையில் அந்த ஒற்றைத் தட்டு. திங்கள், புதன், வெள்ளி. நாலு மாதம்.

அம்மா போனில் ஒரு கத்துக் கத்தினாள்.

"பூட்டின கதவுக்கு முன்னால ஏன்டா நிக்கறே, மடையா? கிளம்பி இங்க வா. இந்தப் பொண்ணு இன்னும் எத்தனை நாளைக்குத்தான் ஒத்த வயித்துக்கு அடுப்பு பத்த வைப்பா?"